தையல் மெஷின் போல ஒலிக்கும் டிரம்ஸ்: கணினியில் தாளம் எழுதத் தொடங்கியிருப்பவனுக்கு வழி சொல்லுங்கள்

மாடியறை (லாஸ்பேட்டை, புதுச்சேரி) | சனி, இரவு 10:40

வணக்கம். மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட ஓர் அறை, ஒரு மடிக்கணினி, ஒரு கிதார். இவ்வளவுதான் என் ஸ்டூடியோ. கிதார் ஓரளவு வரும், குரல் சுமார். டிரம்ஸ் வாசிக்கத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வாங்கி வைக்க மேலே இடமில்லை, கீழ் வீட்டாருக்குப் பொறுமையும் இல்லை.

எனவே ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை இறக்கி, எம்டி பவர் டிரம்கிட் என்ற இலவச பிளக்-இன்னை (டிரம்ஸ் ஒலி தரும் துணை மென்பொருள்) அதில் சேர்த்து, பியானோ ரோலில், அதாவது அடிகளை நேர வரிசையில் வைக்கும் கட்டத் திரையில், ஒவ்வோர் அடியாக வைத்து எழுதினேன். டெம்போ 100, அதாவது நிமிடத்துக்கு 100 பீட். நான்கு பீட் கொண்ட ஒரு பாரில் ஒன்றிலும் மூன்றிலும் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), இரண்டிலும் நான்கிலும் ஸ்னேர் (கையால் அடிக்கும் சுள்ளென்ற டிரம்), மேலே ஒரு பாருக்கு எட்டு ஹை-ஹேட் (காலால் திறந்து மூடும் இரட்டைத் தட்டு). ஒரு பார் எழுதி அதையே 64 முறை ஒட்டிவிட்டேன். நடுவில் இரண்டு இடத்தில் டாம்களில் (மற்ற கை டிரம்கள்) ஓர் உருட்டு. தனியாகக் கேட்டால் ஒலி அருமையாக இருக்கிறது. பாட்டோடு சேர்த்தால் செத்துக் கிடக்கிறது. நேற்று துணி எடுக்க மாடிக்கு வந்த அத்தை, "யார் வீட்டில் இந்த நேரத்தில் தையல் மெஷின் ஓடுகிறது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடிகளை மனிதன் வாசித்ததுபோல் மாற்றும் ஹியூமனைஸ் என்று ஒரு வசதி இருக்கிறதே என்று அதையும் அழுத்திப் பார்த்தேன். இப்போது தையல் மெஷின் குடித்துவிட்டு ஓடுகிறது.

ஜூன் 21, உலக இசை நாளன்று நண்பர்கள் இருவரோடு சேர்ந்து பாடப்போகிறேன். டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லாததால் இந்தத் தடத்தைத்தான் பின்னால் ஓடவிட வேண்டும். காசு கொடுத்து நல்ல பிளக்-இன் வாங்கினால் சரியாகிவிடுமா? தடத்தை இணைத்திருக்கிறேன்.

---

நெல்லித்தோப்பு ஒலிக்கலவை | சனி, இரவு 11:15

வாங்காதீர்கள். கேட்டுப் பார்த்தேன், கோப்பையும் திறந்து பார்த்தேன். எல்லா அடிக்கும் வெலாசிட்டி, அதாவது அடியின் பலத்தைக் குறிக்கும் எண், 100.

வெலாசிட்டி 1 முதல் 127 வரை போகும். அது வெறும் சத்த அளவு என்று நினைத்துத்தான் பலரும் அதைத் தொடுவதே இல்லை. நல்ல டிரம்ஸ் தொகுப்பு எதிலும் ஒரே ஸ்னேரை மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று அடித்துத் தனித்தனியாகப் பதிவு செய்து அடுக்கியிருப்பார்கள். 40 என்று வைத்தால் அதே ஒலி சன்னமாக வராது. மெதுவாக அடித்த வேறொரு பதிவு வரும். அதன் நிறமே வேறு. நீங்கள் பத்து அறை உள்ள வீட்டை வாடகைக்குப் பிடித்துவிட்டுத் திண்ணையிலேயே படுத்திருக்கிறீர்கள்.

ஹியூமனைஸ் பற்றி: அது பகடை. ஒவ்வோர் அடியையும் முன்பின் பாராமல் உருட்டிப் போடுகிறது. மனிதன் அப்படிப் பிசகுவதில்லை. ஜெர்மன் ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத்தான் அளந்து சொன்னது. மனிதன் வாசிக்கும் தாளத்தில் விலகல்கள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. ஓரிடத்தில் பிந்தினால் அதன் சாயல் பின்னால் வரும் பல அடிகளிலும் தொடர்கிறது. கேட்டவர்களும் வெறும் பகடையை விட அந்த வகையைத்தான் விரும்பினார்கள். அந்த ஹியூமனைஸை முதலில் நீக்கிவிடுங்கள்.

---

பழைய ஆக்டோபேட் (மஞ்சக்குப்பம், கடலூர்) | ஞாயிறு, காலை 6:05

தம்பி, நான் மெல்லிசைக் குழுக்களில் இருபது வருடத்துக்கு மேல் வாசித்தவன். முதலில் டிரம்ஸ். கடலோர ஊர்த் திருவிழா மேடைகளின் உப்புக் காற்றில் ஸ்டாண்டுகள் துருப்பிடித்துக் கழன்ற பிறகு ஆக்டோபேட் என்ற மின்னணுத் தாளக் கருவி. கணினியில் எழுதக் கற்றுக்கொடுத்தது என் மகள். ஆகவே மென்பொருள் பற்றி என்னிடம் கேட்காதே. கை பற்றிச் சொல்கிறேன்.

நீ அடிகளை எழுதியிருக்கிறாய், அடிக்கிற ஆளை எழுதவில்லை. அந்த ஆளுக்கு இரண்டு கை, இரண்டு கால். 16-ஆவது பாரில் டாம்களில் உருட்டு வைத்திருக்கிறாய். இரண்டு கையும் டாம்களில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஹை-ஹேட்டை அடிப்பது யார்? உருட்டு முடிந்து கிராஷ் (பெரிய தட்டு) விழுகிற அதே நொடியில் ஸ்னேரும் விழுகிறது, ஹை-ஹேட்டும் விழுகிறது. மூன்று கை உள்ளவனை எங்கே பிடித்தாய்? கேட்பவர்களுக்கு இது இன்னதென்று சொல்லத் தெரியாது. ஆனால் எங்கேயோ பொய் என்று காதுக்குத் தெரிந்துவிடும்.

இப்போது ஹை-ஹேட்டுக்கு வருவோம். ஒரு பென்சிலை எடுத்து மேசை விளிம்பில் எட்டு அடி அடித்துப் பார். முதல் அடிக்கு முன்கை முழுவதும் இறங்கும், பென்சிலின் நடுப்பகுதி விளிம்பில் படும். இரண்டாவது அடிக்கு மணிக்கட்டு மட்டும் அசையும், நுனி மட்டும் மேல்பரப்பைத் தொடும். டிரம்ஸிலும் அதேதான். குச்சியின் கழுத்து ஹை-ஹேட்டின் விளிம்பில் பட்டால் 'ச்சங்', நுனி மேலே பட்டால் 'ட்டிக்'. கை கீழே இறங்கி மேலே ஏறுகிற ஒரே அசைவில் இரண்டு ஒலியும் வருகின்றன. நீ எட்டையும் 'ச்சங்' என்று எழுதியிருக்கிறாய். அப்படி ஐந்து நிமிடம் அடித்தால் கை கழன்று விழும்.

என் கைக்கு நான் போடும் எண்கள் இவை: 95, 60, 88, 56, 97, 62, 85, 70. ஸ்னேர் விழுகிற இரண்டிலும் நான்கிலும் என் வலது கை கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளும், அதனால் 88, 85. கடைசி 70, கை அடுத்த பாருக்குள் எழும்பிப் போவதால். உன் கை வேறு மாதிரி இருக்கலாம். என் எண்ணை 64 முறை ஒட்டினால் அதுவும் தையல் மெஷின்தான், வேறு கம்பெனி.

---

மாடியறை | ஞாயிறு, மாலை 4:30

ஐயா, பென்சிலால் அடித்துப் பார்த்தேன். மேசையில் பள்ளம் விழுந்ததற்கு வீட்டில் திட்டு. ஆனால் புரிந்தது.

உங்கள் எண்களை வைத்து நான்கு பார்கள் எழுதினேன், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மாற்றி. உருட்டு வரும் இடத்தில் ஹை-ஹேட்டை அழித்தேன். இவ்வளவுக்கே பாட்டு மூச்சு விடுகிறது. ஒரு அடியைக்கூட நேரத்தில் நகர்த்தவில்லை, எல்லாம் கட்டத்துக்குள் அப்படியே இருக்கிறது. இதற்குப் பிறகும் முன்பின் நகர்த்த வேண்டுமா? எவ்வளவு?

---

நெல்லித்தோப்பு ஒலிக்கலவை | ஞாயிறு, மாலை 5:10

பலமும் மெலிவும் சரியானால் பாதிக்கு மேல் வேலை முடிந்தது. நேரத்தை அதன் பிறகுதான் தொட வேண்டும். எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

டெம்போ 100 என்றால் ஒரு பீட் 600 மில்லி செகண்டு. ரீப்பர் ஒரு பீட்டை 960 டிக்குகளாகப் பிரிக்கிறது. ஆக 10 மில்லி செகண்டு என்பது 16 டிக். கிக்கையும் ஹை-ஹேட்டையும் கட்டத்திலேயே விடுங்கள். சரணத்தில் வரும் ஸ்னேர் அடிகள் எல்லாவற்றையும் ஒரே சீராக 12 முதல் 16 டிக் வரை பின்னுக்குத் தள்ளுங்கள். சாய்ந்து உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருக்கும். பல்லவி திரும்ப வரும்போது கட்டத்துக்கே கொண்டுவந்துவிடுங்கள். உடனே நிமிர்ந்து உட்காருவான். அதோடு பல்லவிக்கு டெம்போவை 101 ஆக்கிப் பாருங்கள். யாருக்கும் தெரியாது, ஆனால் கால் ஆடும்.

ஃபிளாம் வேண்டுமென்றால் பெரிய அடிக்கு 25 மில்லி செகண்டு முன்னால், அதாவது 40 டிக் முன்னால், 45 வெலாசிட்டியில் ஒரு சிறு அடி. அதிகமாகப் போட்டால் சலித்துவிடும்.

---

தேவனாம்பட்டினம் | ஞாயிறு, இரவு 8:50

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எதற்காக இந்த மெனக்கெடல்? ரோலண்டு நிறுவனம் 1980-இல் டிஆர்-808 என்ற தாள இயந்திரத்தைக் கொண்டுவந்தது. உண்மையான டிரம்ஸ் போலவே இல்லை என்று பலர் குறை சொன்னார்கள், மூன்றே வருடத்தில் அதன் உற்பத்தியும் நின்றது. இன்று அந்த 'உண்மை போல இல்லாத' கிக்கின் மேல்தான் உலகத்தில் பாதிப் பாட்டு நிற்கிறது. நான் கல்லூரி விடுதியில் செய்கிற தடங்கள் எல்லாம் அப்பட்டமான இயந்திரம். யாரும் குறை சொன்னதில்லை.

அப்புறம், ஹியூமனைஸையும் ஸ்விங்கையும் (அடிகளை ஒரே ஒழுங்கில் தாமதப்படுத்தி ஆட வைப்பது) ஒன்றாகப் போட்டு அடிக்காதீர்கள். ராஜர் லின் 1980-இல் வெளியிட்ட எல்எம்-1 இயந்திரத்தில், உண்மையான டிரம்ஸை எண்ணியல் முறையில் பதிவு செய்த ஒலிகள் இருந்தன. அடிகளைக் கட்டத்தில் ஒட்ட வைக்கவும், இரட்டைப்படை அடிகளை மட்டும் திட்டமிட்டுத் தாமதப்படுத்தவும் வழி இருந்தது. ஒவ்வொரு ஜோடி அடியிலும் முதலாவது எடுக்கும் பங்கு 50 சதவீதம் என்றால் நேர், 66 என்றால் மூன்றில் இரண்டு பங்கு என்ற ஆட்டம். 54, 56 என்று வைத்துப் பாருங்கள். இயந்திரமே ஆடும், மனிதனாக நடிக்கத் தேவையில்லை.

---

பழைய ஆக்டோபேட் | ஞாயிறு, இரவு 9:40

தேவனாம்பட்டினத் தம்பி சொல்வதில் எனக்குச் சண்டை இல்லை. ரோலண்டு 1985-இல் ஆக்டோபேட் கொண்டுவந்தபோது, எட்டு ரப்பர் சதுரத்தை வைத்துக்கொண்டு இது என்ன வாசிப்பு என்று கேட்ட டிரம்ஸ்காரர்களில் நானும் ஒருவன். பிறகு அதன் பிந்தைய மாடலான எஸ்பிடி-20 வைத்துத்தான் என் மகளைப் படிக்க வைத்தேன். இயந்திரமாக இருக்க விரும்பினால் தாராளமாக இருக்கலாம். ஆனால் மாடியறைத் தம்பி வைத்திருப்பது கிதார் பாட்டு. குரலும் கிதாரும் மூச்சுவிட்டுப் போகின்றன. அவனுக்குப் பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதாகத்தான் அந்தப் பாட்டு நினைத்துக்கொண்டிருக்கிறது.

சொல்ல மறந்தது ஒன்று. திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோவிலில் மேளம் வாசிக்கும்போது தவில்காரருக்குப் பக்கத்தில் போய் நின்று பார். வலது கை விரல்களில் கூடு, இடது கையில் குச்சி. பெரிய சொற்களுக்கு, அதாவது ஓங்கிய அடிகளுக்கு, நடுவே தொட்டும் தொடாமலும் சில அடிகள் விழும். இருபதடி தள்ளி நின்றால் அவை காதில் விழாது. ஆனால் அவற்றை எடுத்துவிட்டால் பெரிய சொல் நொண்டும். டிரம்ஸில் இடது கை அந்த வேலையைத்தான் ஸ்னேரில் செய்கிறது. இரண்டாவது பீட்டில் 110 என்று ஓங்கி அடித்த பிறகு இடது கை சும்மா தொங்காது. குச்சி துள்ளித் துள்ளி ஸ்னேரின் மேலேயே கிடக்கும். அந்தத் துள்ளலை 25 முதல் 35 வரை வெலாசிட்டியில் எழுது. பாருக்கு ஒன்றோ இரண்டோ போதும். மூன்றாவது பீட்டுக்குச் சற்று முன்னால் ஒன்று வைத்துப் பார். தனியாகக் கேட்கிற அளவுக்கு இருந்தால் அது அதிகம்.

கிக் இரண்டு அடுத்தடுத்து வந்தால் முதல் உதையை 80, இரண்டாவதை 105 என்று வை. கால் முதல் உதையில் வழுக்கிக்கொண்டு போய் இரண்டாவதில்தான் ஊன்றும்.

---

பாடகர் குழு (முதுநகர், கடலூர்) | திங்கள், மதியம் 1:20

எங்கள் பங்குக் கோவில் பாடகர் குழுவுக்கு நான்தான் கீபோர்டு. இதைப் படித்துவிட்டு எனக்கும் ஆசை வந்தது. மவுஸால் ஒவ்வொன்றாக வைப்பதற்குப் பதில் கீபோர்டிலேயே விரலால் தட்டிப் பதிவு செய்தால் என்ன? ஆள்காட்டி விரலில் கிக், நடுவிரலில் ஸ்னேர் என்று தட்டினேன். விரலின் பலமே வெலாசிட்டியாகப் பதிவாகிவிடுகிறது, எண் போடவே வேண்டியதில்லை.

இரண்டு தொல்லைகள். ஒன்று, தட்டிய பிறகு ஒலி தாமதமாக வருகிறது. அதைக் கேட்டு நான் இன்னும் தாமதமாகத் தட்டுகிறேன். இரண்டு, திறந்த ஹை-ஹேட் அடித்தால் மூடிய பிறகும் 'ஷ்ஷ்ஷ்' என்று இழுத்துக்கொண்டே இருக்கிறது.

ஆக்டோபேட் அண்ணா, எங்கள் பாட்டுகளில் பாதி ஆறு-எட்டு தாளம். அதற்கும் எண் சொல்லுங்கள்.

---

நெல்லித்தோப்பு ஒலிக்கலவை | திங்கள், மதியம் 2:05

தாமதம் பஃபர் அளவால், அதாவது கணினி ஒலியை ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் அளவால், வருவது. விண்டோஸ் என்றால் கணினியோடு வந்த சாதாரண டிரைவரை விட்டுவிட்டு தாமதம் குறைந்த ஏசியோ டிரைவருக்கு மாறுங்கள். ஆடியோ இன்டர்ஃபேஸ் இருந்தால் அதனுடையது, இல்லாவிட்டால் ஏசியோ4ஆல். பஃபரை 128 மாதிரி (சாம்பிள்) ஆக்குங்கள். 44,100 மாதிரி வீதத்தில் அது ஏறக்குறைய 3 மில்லி செகண்டு. மற்ற தாமதங்கள் சேர்ந்தாலும் விரலுக்குத் தெரியாது. மூன்று மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கரின் ஒலி காதுக்கு வரவே 9 மில்லி செகண்டு ஆகும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கலவை செய்யும்போது பஃபரைத் திரும்ப உயர்த்திவிடுங்கள், இல்லாவிட்டால் பழைய கணினி இருமும்.

தட்டி முடித்ததும் முழுசாகக் குவான்டைஸ் செய்யாதீர்கள், அதாவது அடிகளைக் கட்டத்தில் ஒட்ட வைக்காதீர்கள். 60, 70 சதவீதம் வையுங்கள். உங்கள் பிசகின் குணம் மிச்சமிருக்கும், அசிங்கம் போய்விடும்.

ஹை-ஹேட்: பொது மிடி ஒழுங்கில் (எந்த எண்ணுக்கு எந்த ஒலி என்ற பொது வரிசை) மூடியது 42, காலால் மிதிப்பது 44, திறந்தது 46. மூன்றும் ஒரே கருவியின் மூன்று நிலைகள் என்பதால் 42-ஓ 44-ஓ விழுந்ததும் 46 அடங்க வேண்டும். உங்கள் தொகுப்பில் சோக் குரூப் என்ற அமைப்பில் மூன்றையும் ஒரே எண்ணில் சேர்த்தால் இழுவை நின்றுவிடும். கிக் 36, ஸ்னேர் 38, கிராஷ் 49, ரைடு என்ற தட்டு 51. இவை பெரும்பாலான பிளக்-இன்களில் அப்படியே இருக்கும்.

---

பழைய ஆக்டோபேட் | திங்கள், இரவு 7:30

ஆறு-எட்டுக்கு: 95, 50, 62, 84, 50, 66. ஒன்றும் நான்கும்தான் தூண்கள். ஆனால் அம்மா, உங்கள் விரலே தட்டும்போது என் எண் எதற்கு? தட்டியதைப் பதிவு செய்துவிட்டு எண்களைப் பாருங்கள், என்னுடையதை விட நன்றாக இருக்கும்.

---

மாடியறை | வியாழன், இரவு 11:50

மூன்று நாளாக வேலை. நேற்று மழை தகரக் கூரையில் விழுந்ததில் ஹெட்போனிலேயே எதுவும் கேட்கவில்லை. அதற்கு முந்தைய நாள் மின்தடை, சேமிக்காத எட்டு பார் போயிற்று. போனது நல்லதே, திரும்ப எழுதியது மேலாக வந்திருக்கிறது.

உருட்டை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள். 16-ஆவது பாரின் மூன்றாவது பீட்டில் ஹை-ஹேட்டை நிறுத்தினேன். அங்கிருந்து எட்டு அடிகள்: ஸ்னேரில் இரண்டு, மேல் டாமில் இரண்டு, நடு டாமில் இரண்டு, கீழ் டாமில் இரண்டு. வலது இடது, வலது இடது என்று வாயால் சொல்லிக்கொண்டே எழுதினேன். வலது கை அடிகளை 98-இல் தொடங்கி 112 வரை ஏற்றினேன். இடது கை ஒவ்வோர் அடியும் அதற்கு 12 குறைவு, 4 டிக் பின்னால். கடைசி இரண்டு அடியும் கொஞ்சம் முந்துகின்றன, கிராஷை நோக்கி ஆவலாகப் போகிற மாதிரி. கிராஷோடு கிக் மட்டும்தான். அடுத்த ஹை-ஹேட் அரை பீட் தள்ளி வருகிறது, கிராஷிலிருந்து கை திரும்பி வர நேரம் வேண்டுமே.

முதலில் இதை மவுஸால் எழுதிவிட்டுக் கேட்டபோது அரிசியைத் தகரத்தில் கொட்டியதுபோல் இருந்தது. கை எங்கே இருக்கிறது என்று நினைத்த பிறகுதான் உருட்டு உருட்டாயிற்று.

கலவையில் ஒரு கேள்வி. கிக்குக்கு ஒரு ரிவெர்ப் (அறையின் எதிரொலி), ஸ்னேருக்கு வேறு, டாமுக்கு வேறு என்று போட்டிருக்கிறேன். ஏதோ ஒட்டவில்லை.

---

நெல்லித்தோப்பு ஒலிக்கலவை | வெள்ளி, காலை 8:15

ஸ்னேர் லாஸ்பேட்டையில், கிக் வில்லியனூரில், டாம் ஆரோவில்லில் இருந்தால் எப்படி ஒட்டும்? மூன்று ரிவெர்ப்பையும் எடுத்துவிட்டு ஒரே சிறிய அறை ரிவெர்ப்பைத் தனித் தடத்தில் வைத்து, எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் அங்கே அனுப்புங்கள். கிக்கை மிகக் குறைவாக. ஹை-ஹேட் ஒரு பக்கம், கீழ் டாம் மறுபக்கம் என்று சற்று விலக்கி வையுங்கள். அறையின் இரண்டு கோடிக்கும் இழுத்தால் எட்டு அடி நீளக் கை வேண்டும். வெளியே பெரிய ஸ்பீக்கரில் ஓடவிடப்போகிறீர்கள் என்றால் இன்னும் குறையுங்கள், தெருவே ரிவெர்ப் கொடுக்கும்.

உருட்டு நன்றாக இருக்கிறது.

---

தேவனாம்பட்டினம் | வெள்ளி, காலை 9:00

ஒப்புக்கொள்கிறேன், அந்த உருட்டு பிடித்திருக்கிறது. என் இயந்திரத் தடம் ஒன்றில் ஹை-ஹேட்டுக்கு மட்டும் ஐயாவின் எண்களைப் போட்டேன். கிக் இன்னும் 808-தான், அதை விட மாட்டேன்.

---

பழைய ஆக்டோபேட் | வெள்ளி, இரவு 9:10

முழுப் பாட்டையும் மூன்று முறை கேட்டேன் தம்பி. 16-ஆவது பார் உருட்டில் ஒரு குறையும் இல்லை. இரண்டாவது சரணத்தில் ஸ்னேரின் சின்ன அடிகளை ஒன்றாகக் குறைத்தது நல்ல முடிவு, குரலுக்கு இடம் விட்டிருக்கிறாய்.

41-ஆவது பாரின் நான்காவது பீட்டைப் பார். ரைடு, ஸ்னேர், கிராஷ்.

---

மாடியறை | வெள்ளி, இரவு 9:25

ஐயோ. மூன்றாவது கை.

ரைடை எடுத்துவிட்டேன். புதிய கோப்பு இணைப்பில் இருக்கிறது.